அம்மாவின் குடியுரிமைத் தேர்வு: தமிழிலேயே பதில் சொல்லலாம்

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அம்மாவுக்கு 62 வயது. 16 ஆண்டுகளாகக் கிரீன் கார்டு வைத்திருக்கிறார். அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறோம். எட்டாம் வகுப்பு வரை ஊரில் படித்தவர், ஆங்கிலம் வராது. 128 கேள்விகளை எப்படி மனப்பாடம் செய்வார்? தமிழில் எழுத விடுவார்களா?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசாங்கத்தையும் வரலாற்றையும் பற்றிய அந்த 128 கேள்விகள் வரும் குடிமையியல் பகுதியில் எழுத்து வேலையே கிடையாது. அதிகாரி வாயால் கேட்பார், அம்மா வாயால் பதில் சொல்வார். 55 வயது ஆகி, 15 ஆண்டுகள் நிரந்தரக் குடியிருப்பாளராக, அதாவது கிரீன் கார்டோடு, இருந்தவருக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து முழு விலக்கு உண்டு. என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தைப் போடும் நாளில் இந்தக் கணக்கு சரியாக இருந்தால் போதும். உங்கள் அம்மாவுக்கு இருக்கிறது. கேள்விகளைத் தமிழிலேயே சந்திக்கலாம். மொழிபெயர்ப்பாளரை மட்டும் நீங்களே அழைத்துப் போக வேண்டும்.

2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களிடம் அந்த 128-இலிருந்து 20 கேள்விகள் வரை கேட்பார்கள். 12 சரியானால் தேர்ச்சி, அதோடு நிறுத்திவிடுவார்கள். தவறினாலும் 60 முதல் 90 நாட்களுக்குள் இன்னொரு வாய்ப்பு தருவார்கள். 65 வயதும் கிரீன் கார்டு வாங்கி 20 ஆண்டுகளும் ஆனவர்களுக்குப் படிக்க வேண்டியது 20 கேள்விகள்தான். 10 கேட்பார்கள், 6 சொன்னால் போதும். அதற்காக இன்னும் 4 ஆண்டு காத்திருக்கலாமா என்று தோன்றும். வேண்டாம் என்பேன். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அம்மாவுக்கும் வயது கூடிக்கொண்டே போகும்.

இனி மனப்பாடத்துக்கு வருவோம். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்களைத் தடுக்கி விழவைப்பது தெரியாத சொற்களை விட, ஏற்கெனவே தெரிந்த சொற்கள்தான். ஓர் அம்மா, கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் கேள்வியும் பதிலுமாக எழுதி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். அத்தனையும் பாடம். ஆனால் "கூட்டாட்சிச் சட்டங்களை இயற்றுவது யார்?" என்று கேட்டபோதெல்லாம் "அதிபர்" என்றார். "காங்கிரஸ்மா" என்றேன். "அது கட்சியாச்சே தம்பி" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அமெரிக்காவில் காங்கிரஸ் என்பது நாடாளுமன்றத்தின் பெயர். அதில் இரண்டு அவைகள்: 435 பேர் வாக்களிக்கும் பிரதிநிதிகள் சபை, 100 பேர் கொண்ட செனட். நம் மக்களவை, மாநிலங்களவை போல என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். மாநிலங்களவைக்குத் தமிழ்நாட்டிலிருந்து 18 பேர், சிக்கிமிலிருந்து ஒருவர். செனட்டில் அப்படி இல்லை. கலிஃபோர்னியாவானாலும் சின்னஞ்சிறு வயோமிங்கானாலும் இரண்டே பேர். இந்த ஒப்பீட்டைக் கேட்டபின் செனட்டர் எண்ணிக்கையை அந்த அம்மா மறக்கவே இல்லை.

அடுத்தது ஆளுநர். நம் ஊரில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், ஆட்சி நடத்துவது முதலமைச்சர். அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரின் வேலையை அவர்தான் செய்கிறார். அதிபரை மட்டும் பிரதமர் என்று நினைக்கவே கூடாது. பிரதமர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர், அங்கே பெரும்பான்மை போனால் பதவியும் போகும். அமெரிக்க அதிபர் காங்கிரஸில் உறுப்பினரே இல்லை, அவருடைய அமைச்சர்களும் உறுப்பினராக இருக்க முடியாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்றே கிடையாது, நான்கு ஆண்டு என்றால் நான்கு ஆண்டு. சட்டத்தை இயற்றுவது காங்கிரஸ், கையெழுத்திடுவது அல்லது மறுத்துத் திருப்பி அனுப்புவது அதிபர், அரசியலமைப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது நீதிமன்றம். மூன்றும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும் இந்த ஏற்பாடு மனதில் உட்கார்ந்துவிட்டால், அரசாங்கம் பற்றிய கேள்விகளில் பெரும்பகுதிக்குப் பதில் தானாக வரும்.

1787-இல் எழுதிய அரசியலமைப்பு "மக்களாகிய நாம்" என்று தொடங்குகிறது. நம்முடையதும் "இந்திய மக்களாகிய நாம்" என்றுதான் தொடங்குகிறது. இதைச் சொன்னதும் பெரியவர்கள் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். அதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

மொழிபெயர்ப்பாளரோடு முன்கூட்டியே நாலைந்து முறை உட்காருங்கள். அவர் 'ஜனாதிபதி' என்று கேட்க, அம்மா 'அதிபர்' என்று படித்திருந்தால் அங்கேயே தடுமாற்றம். ஒரே சொற்களைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதிபர், சபாநாயகர், உங்கள் ஆளுநர் பெயர்களை நேர்காணலுக்கு முந்தைய வாரம் மறுபடி சரிபாருங்கள். அன்றைக்குப் பதவியில் இருப்பவர் பெயர்தான் பதில்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ எடுக்கும்போது வாக்காளராகவும் பதிந்துகொள்கிறீர்களா என்று கேட்பார்கள். தெரியாமல் 'ஆம்' என்று குறித்துவிட்ட கிரீன் கார்டுதாரர்களுக்குக் குடியுரிமையே சிக்கலாகியிருக்கிறது. கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டு குடிமக்களுக்கு மட்டும். அம்மாவின் தாள்களில் எங்காவது அப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், ஊர்ப் பயணங்கள். பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்து, குளிருக்கு ஊர் திரும்பும் பெரியவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். கடைசி 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மாதங்கள் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணம் 6 மாதத்தைத் தாண்டியிருந்தால் குடியிருப்பின் தொடர்ச்சி அறுந்துவிட்டதா என்ற கேள்வி எழும். பழைய பாஸ்போர்ட்டுகளை எடுத்து வைத்து, போன தேதி, வந்த தேதி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். 6 மாதம் தாண்டிய பயணம் ஒன்று தென்பட்டாலும், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு என்-400 போடுங்கள்.