படாமல் போன குண்டு எவ்வளவு பக்கத்தில் போனது?

கேள்வி: சார், நான் இ.சி.இ. மூன்றாமாண்டு படிக்கிறேன். டி.ஆர்.டி.ஓ.வின் ‘அபியாஸ்’ மாதிரி, சுட்டுப் பழகுவதற்காகப் பறக்கவிடும் ஆளில்லா இலக்கு விமானங்களில், தன்னைக் கடந்து போகும் குண்டு எத்தனை மீட்டர் தள்ளிப் போனது என்று கண்டுபிடிக்கும் கருவி இருப்பதாகப் படித்தோம். அதையே மினி புராஜெக்டாக எடுத்தோம். ஒரு சட்டத்தில் நான்கு மைக் பொருத்தி, பலூனை வெடித்து, சத்தத்தின் அளவிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டோம். ஒரே இடத்தில் வெடித்தாலும் ஒருமுறை 2 மீட்டர் என்கிறது, அடுத்தமுறை 3.5 மீட்டர் என்கிறது. விலை கூடிய மைக் வாங்கினால் சரியாகுமா, இல்லை ரேடாருக்கு மாறிவிடலாமா? ரிவியூவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

பதில்: தம்பி, மைக்கில் காசைப் போடாதீர்கள். உங்கள் மைக் சரியாகத்தான் வேலை செய்கிறது. ஒரு பலூன் இன்னொன்றைவிட ஒன்றே முக்கால் மடங்கு பலமாக வெடித்தாலே 3.5 மீட்டர் 2 மீட்டராகத் தெரியும். எவ்வளவு ஊதினீர்கள், ரப்பர் எவ்வளவு தடிமன், பக்கத்தில் சுவர் இருந்ததா என்பதைப் பொறுத்து அந்த வித்தியாசம் தாராளமாக வரும். சத்தத்தின் அளவை நம்பித் தூரம் சொன்னது முதல் சிக்கல். பலூன் வெடிப்பு நீங்கள் அளக்க நினைத்த சத்தமே இல்லை என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

முதலில், படாமல் போன குண்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று பார்ப்போம். அந்தக் காலத்தில் விமானம் ஒன்று நீளமான துணிப்பையை இழுத்துக்கொண்டு பறக்கும், வீரர்கள் அதைச் சுடுவார்கள். ஒவ்வொருவரின் தோட்டா முனையிலும் ஒவ்வொரு நிறச் சாயம் தடவியிருக்கும். துணி தரைக்கு வந்ததும் சிவப்பு ஓட்டை எத்தனை, நீல ஓட்டை எத்தனை என்று எண்ணுவார்கள். ஓட்டை விழாத தோட்டா அரையடி தள்ளிப் போனதா, ஐம்பது அடி தள்ளிப் போனதா என்பது யாருக்கும் தெரியாது. பிறகு, இலக்கை நெருங்கினாலே தானாக வெடிக்கும் அண்மை ஃபியூஸ் வந்தது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் ‘ஹெலெனா’ போர்க்கப்பல் பசிபிக் கடலில் அதைக் கொண்டு ஒரு ஜப்பானிய விமானத்தை வீழ்த்தியது. அதற்குப் பிறகு குண்டு நேராகப் பட வேண்டும் என்ற கட்டாயமே போய்விட்டது. குறிப்பிட்ட சில மீட்டருக்குள் கடந்தால் போதும். அந்த ‘சில மீட்டர்’தான் மிஸ் டிஸ்டன்ஸ். விலகல் தூரம் என்று தமிழில் சொல்லலாம், ஆனால் சோதனைத் தளத்தில் எல்லோர் வாயிலும் மிஸ் டிஸ்டன்ஸ்தான்.

தரையிலிருந்தே அளக்கலாமே என்று கேட்பீர்கள். அளக்கிறார்கள். ஒடிசாவின் சண்டிப்பூர் போன்ற சோதனைத் தளங்களில் மின்னணு ஒளியியல் கருவிகளும் ரேடார்களும் கடற்கரையோரம் வெவ்வேறு இடங்களில் நின்று ஏவுகணையையும் இலக்கையும் பின்தொடரும். இரண்டு இடங்களிலிருந்து கோணம் கிடைத்தால் முக்கோணக் கணக்கில் இடம் கிடைத்துவிடும். ஆனால் பத்து கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு ரேடியனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கோணம் பிசகினாலும் ஒரு மீட்டர் போய்விடும். நீங்கள் தேடுவதே மூன்று, நான்கு மீட்டர் விவகாரம். அதனால்தான் சென்சாரை இலக்கிலேயே வைத்து அனுப்புகிறார்கள்.

இலக்கில் மைக் வைக்கும் முறைக்கு வருவோம். அபியாஸில் இருப்பது இந்த வகைதான். ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு, ஆற்றில் விரைந்து போகும் படகின் பின்னால் அலை விரிவதுபோல, கூம்பு வடிவில் ஒரு அதிர்ச்சி அலையை இழுத்துக்கொண்டு போகும். நொடிக்கு 900 மீட்டர் போகிற குண்டு என்றால் கூம்பின் பக்கம் பாதையோடு ஏறத்தாழ 22 டிகிரி சாய்ந்திருக்கும். இயற்பியலாளர்கள் எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஷரும் 1880-களிலேயே பறக்கும் தோட்டாவோடு சேர்த்து இந்த அலையைப் படம்பிடித்துக் காட்டிவிட்டார்கள். கூம்பு மைக்கைத் தொடும்போது அழுத்தம் செங்குத்தாக ஏறும், பிறகு சரிந்து சாதாரணக் காற்றழுத்தத்துக்கும் கீழே போகும், மறுபடி செங்குத்தாக எழும்பி நிற்கும். ஆஸிலாஸ்கோப்பில் ஆங்கில ‘என்’ எழுத்து மாதிரியே இருக்கும். சின்னத் தோட்டா என்றால் எல்லாம் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

பலூன் சத்தம் தூரம் இரட்டிப்பானால் பாதியாகும். இந்த அலை அப்படிக் குறையாது. ஜெரால்ட் விட்டம் (Whitham) என்ற கணிதவியலாளர் 1952-இல் வகுத்த கணக்குப்படி, தூரம் இரட்டிப்பானால் உச்ச அழுத்தம் ஏறக்குறைய 60 சதவீதத்தில் நிற்கும். அதாவது தூரம் மாறினாலும் அழுத்தம் அவ்வளவாக மாறுவதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, அளப்பவனுக்கு இது தலைவலி. அழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைவாகப் படித்தால் தூரம் பதினைந்து சதவீதம் கூடுதலாக வரும். போதாக்குறைக்கு, உச்ச அழுத்தம் குண்டின் பருமனையும் வடிவத்தையும் வேகத்தையும் பறக்கும் உயரத்தில் உள்ள காற்றழுத்தத்தையும் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு வகைக் குண்டுக்கும், எவ்வளவு அழுத்தம் என்றால் எவ்வளவு தூரம் என்று காட்டும் தனி அளவீட்டு அட்டவணை வேண்டும்.

அந்த அட்டவணையால் நான் ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். எந்தத் தளம் என்பது வேண்டாம். இழுவை இலக்கை நோக்கிப் பீரங்கிக் குழு சுட்டது, திரையில் வரிசையாக ஒன்று, ஒன்றரை, முக்கால் மீட்டர் என்று வந்துகொண்டே இருந்தது. குழுவினர் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள், டீ வந்தது. இலக்கு தரைக்கு வந்தபோது துணியில் ஒரு கீறல்கூட இல்லை. முக்கால் மீட்டரில் அத்தனை குண்டு போயிருந்தால் ஒன்றாவது உரசியிருக்க வேண்டுமே என்று அவர்களுடைய ஹவில்தார்தான் கேட்டார், எனக்குத் தோன்றவில்லை. போய்ப் பார்த்தால், முந்தைய வாரம் சின்னக் காலிபருக்கு, அதாவது பருமன் குறைந்த குண்டுக்குப் போட்ட அட்டவணை அப்படியே ஏறியிருந்தது. பெரிய குண்டு, பெரிய சத்தம். கருவி அதைச் சின்னக் குண்டு என்று நினைத்து, ‘ரொம்பப் பக்கத்தில் போயிருக்கிறது’ என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. தூரங்களை மறுபடி கணக்கிட்டுக் கொடுத்தபோது டீ ஆறிப்போயிருந்தது.

அதிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம்: எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் சத்தத்தின் அளவை விட்டுவிட்டு நேரத்தை அளப்பேன். மைக்கின் உணர்திறன் வெயிலில் மாறும், ஈரத்தில் மாறும். கிரிஸ்டல் கடிகாரம் அப்படி மாறாது. நான்கு மைக் வைப்பதன் பயனும் இதில்தான். 30 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு மைக்குகளை ஒரே அலை தொடும் நேர வித்தியாசம் அதிகபட்சம் 0.9 மில்லிவினாடி. அந்த வித்தியாசங்களை வைத்து அலை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். சுடுகிற குழுவுக்கு ‘நான்கு மீட்டர்’ என்ற வெறும் எண்ணால் என்ன லாபம்? ‘நான்கு மீட்டர், இடப்பக்கம் மேலே’ என்றால்தான் பீரங்கியைத் திருத்த முடியும்.

மைக் முறைக்குத் தீராத குறை ஒன்று உண்டு. ஒலியைவிட மெதுவாகப் போகும் எதையும் அது பார்க்காது. ஏவுகணை சோதனைகளில், ரேடியோ அலையை அனுப்பி எதிரொலியின் அதிர்வெண் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் டாப்ளர் ரேடாரை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டாப்ளரை எல்லோருக்கும் ரயில் ஹாரனை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். வரும்போது கீச்சென்றும் போகும்போது கனத்தும் கேட்கும் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். இன்னொன்றைக் கவனியுங்கள். லெவல் கிராசிங் கேட்டை ஒட்டி நின்றால் அந்த ஸ்ருதி சட்டென்று விழும். இருநூறு அடி தள்ளி டீக்கடையில் நின்றால் வழுக்கிக்கொண்டு மெதுவாக இறங்கும். அதே ரயில், அதே வேகம், அதே ஹாரன். ஸ்ருதி எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதிலேயே நீங்கள் தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பது இருக்கிறது. டாப்ளர் மிஸ் டிஸ்டன்ஸ் கருவியின் அடிப்படை இதுதான். இதில் எதிரொலியின் பலம் எவ்வளவு என்ற கேள்வியே எழாது.

கணக்காகச் சொன்னால், வேகத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, அலைநீளத்தாலும் மிகக் கிட்டிய தூரத்தாலும் வகுத்தால் வருவது, கடக்கும் கணத்தில் டாப்ளர் அதிர்வெண் மாறும் விகிதம். நொடிக்கு 1000 மீட்டரில் நெருங்கும் ஏவுகணை, 10 சென்டிமீட்டர் அலைநீளம், 10 மீட்டர் விலகல் என்று வையுங்கள். தூரத்தில் 20 கிலோஹெர்ட்ஸாக இருக்கும் டாப்ளர், கடக்கும்போது பூச்சியத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகும். விகிதம் நொடிக்கு 2 மெகாஹெர்ட்ஸ். கண் சிமிட்டும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும், ஆனால் பதிவில் அழகான ஒரு வளைகோடு இருக்கும்.

இதிலும் கண்ணி உண்டு. கணக்கில் வேகத்தின் வர்க்கம் இருப்பதால், வேகம் 5 சதவீதம் தவறினால் தூரம் 10 சதவீதம் தவறும். அப்புறம், மூன்றரை மீட்டர் நீள ஏவுகணை இரண்டு மீட்டர் தள்ளிப் போகிறது என்றால் எதிரொலி அதன் மூக்கிலிருந்து வருகிறதா, வால் இறகிலிருந்து வருகிறதா? ரொம்பக் கிட்டத்தில் ‘தூரம்’ என்ற சொல்லே குழம்பிப்போகும். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை என்று எழுதாத மிஸ் டிஸ்டன்ஸ் அறிக்கையை நான் கையில் வாங்குவதில்லை.

இனி உங்கள் மூன்று வாரம். எச்.பி.100 (HB100) என்ற மலிவான டாப்ளர் மாட்யூல் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். 10.525 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 2.85 சென்டிமீட்டர். குண்டுக்குப் பதில் கிரிக்கெட் பந்து. பந்துக்கு அலுமினியத் தாள் சுற்றிவிடுங்கள், எதிரொலி கூடும். மாட்யூலைப் பந்து போகும் பாதைக்குப் பக்கவாட்டில், பாதையைச் செங்குத்தாகப் பார்க்கும்படி, அகலக் கற்றை படுக்கைவாட்டில் இருக்கும்படி வையுங்கள். வெளியீடு மிகச் சன்னமானது, ஒரு ஆப்-ஆம்ப் பெருக்கி போட்டு லேப்டாப்பின் ஆடியோ உள்ளீட்டுக்குக் கொடுங்கள்.

மணிக்கு 72 கி.மீ., அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பந்து ஒரு மீட்டர் தள்ளிக் கடந்தால் என்ன தெரியும்? கற்றையின் அகலம் 80 டிகிரி என்பதால், பந்து உள்ளே வரும்போது ஏறக்குறைய 900 ஹெர்ட்ஸ், நேர் எதிரே வரும்போது பூச்சியம், வெளியே போகும்போது மறுபடி 900. எல்லாம் 84 மில்லிவினாடியில். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால், அதிர்வெண் கோட்டில் விழும் அதே பள்ளம் 168 மில்லிவினாடிக்கு விரியும். இந்த மாட்யூலில் ஒரே வெளியீடுதான், நெருங்குகிறதா விலகுகிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால் கோடு பூச்சியத்தைத் தாண்டிக் கீழே போகாமல் திரும்ப மேலே ஏறும். ரிவியூவில் நிச்சயம் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

டியூப்லைட்டுக்குக் கீழே வைக்காதீர்கள். 100 ஹெர்ட்ஸில் ஒரு பொய்யான எதிரொலி உட்கார்ந்துகொண்டு, உங்களுக்குத் தேவையான பள்ளத்தின் அடிப்பகுதியையே மறைத்துவிடும். மைதானத்துக்குப் போய்விடுங்கள்.

வேகத்தைத் தனியாக அளந்தாக வேண்டும். பாதையில் நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நட்டு, செல்போனில் நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் எடுங்கள். பந்து அதைக் கடக்க 48 பிரேம் ஆகும், ஒரு பிரேம் பிசகினாலும் இரண்டு சதவீதம்தான். உண்மையான விலகல் தூரத்துக்கு இன்னொரு போனைப் பந்து வீசுபவருக்குப் பின்னால், பாதை நெடுகப் பார்க்கும்படி வைத்து, மாட்யூலிலிருந்து பாதையின் குறுக்கே தரையோடு ஒரு டேப்பை விரித்துவிடுங்கள். பந்து தாழ்வாகவே போகட்டும், உயர்ந்தால் டேப்பில் படிக்கும் தூரம் பிசகும். அந்தத் தூரத்தை நோட்டில் எழுதிய பிறகே லேப்டாப் சொல்லும் எண்ணைப் பாருங்கள். எண்ணைப் பார்த்துவிட்டு டேப்பைப் படித்தால் கண் தானாகவே ஒத்துப்போகும்.

பலூன் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். நான்கு மைக்கும் ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸில் ஓடியிருந்தால் நேர வித்தியாசங்கள் அந்தக் கோப்புகளுக்குள் பத்திரமாக இருக்கும். தூரத்தை விட்டுவிட்டு வெடிப்பின் திசையை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள், பலூன் சின்னதா பெரிதா என்பது குறுக்கிடாது. தனித்தனி யு.எஸ்.பி. மைக்காக இருந்தால் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது, அந்தப் பதிவால் பயனில்லை, ஒரு மாலை உட்கார்ந்து மறுபடி எடுத்துவிடுங்கள்.