மூன்று ஒபோல் காசும் ஏதென்ஸின் வயிற்றுப்பாடும்

கேள்வி: பழங்காலக் கிரேக்கர்கள் உடலுழைப்பை இழிவாகக் கருதி, வேலைகளையெல்லாம் அடிமைகளிடம் ஒப்படைத்துவிட்டு, பொழுதெல்லாம் சந்தையிலும் விருந்திலும் தத்துவம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று படித்தேன். வயிற்றுப்பாட்டைப் பற்றிய கவலையில்லாத ஓர் இனத்தால்தான் ஆழ்ந்து சிந்திக்க முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? (வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: அப்படித் தெரியவில்லை. தாங்கள் 'கிரேக்கர்கள்' என்று குறிப்பிடுவது, கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளில் ஏதென்ஸ் நகரத்தில் வாழ்ந்த, நிலபுலன் உள்ள, ஓய்வு வாய்த்த, எழுதும் பழக்கம் கொண்ட ஆண்களில் ஒரு சிலரை. உழைப்பு இழிவானது என்று எழுதியவர்கள் அவர்கள்தாம். பட்டறையில் நெருப்புக்கருகே நாளெல்லாம் குந்தியிருந்து செய்யும் தொழில்கள் உடலைக் கெடுத்து, உடலோடு மனத்தையும் தளர்த்திவிடும் என்று சாக்ரடீஸின் மாணவரான எழுத்தாளர் ஸெனபோன் தம் நூலொன்றில் சாக்ரடீஸைப் பேச வைக்கிறார். அந்தச் சாக்ரடீஸின் தந்தை கல்தச்சர். தாய் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சி. அந்த வாசகத்தில் கல்தச்சர் மகனின் குரலைவிட, குதிரையேறிப் பழகிய பண்ணையாரான ஸெனபோனின் குரலே எனக்குக் கேட்கிறது. மகனுக்கு ஒரு தொழிலும் கற்றுக்கொடுக்காத தகப்பனை முதுமையில் அந்த மகன் காப்பாற்ற வேண்டியதில்லை என்று ஏதென்ஸுக்குச் சட்டங்கள் வகுத்த சோலோன் ஒரு சட்டம் செய்ததாக, பிற்கால வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். ஏழ்மையை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை, அதிலிருந்து மீள முயலாமல் இருப்பதுதான் வெட்கம் என்று ஏதென்ஸின் அரசியல் தலைவர் பெரிக்ளீஸ் போரில் இறந்தோருக்கான உரையில் பேசியதாக, அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிந்திருக்கிறார். தாங்கள் படித்த கட்டுரையாளருக்கு இவை ஏன் கண்ணில் படவில்லை என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஏதென்ஸ்காரர்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கவலை இருந்ததா என்று அறிய அந்த நகரத்தின் வரவு செலவுகளைப் பார்த்தாலே போதும். அங்கே வழக்குகளைத் தீர்த்தவர்கள் தொழில்முறை நீதிபதிகள் அல்லர்; சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான குடிமக்கள் ஒன்றாக அமர்ந்து வாக்களித்தார்கள். அவர்களுக்கு நாட்படி கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் பெரிக்ளீஸ்; கி.மு. 420களில் அந்தப் படி 3 ஒபோல். 6 ஒபோல் சேர்ந்தால் 1 திராக்மா. கட்டட வேலைக்குப் போனவருக்கு நாளொன்றுக்கு அந்த 1 திராக்மா கிடைத்தது. ஆக, நீதி வழங்கப் போனவருக்குக் கிடைத்தது அரைநாள் கூலி. கி.மு. 403க்குப் பிறகு, மக்கள் சபைக்கு ஆள் சேராமல் போகவே, வருகிறவர்களுக்கு முதலில் 1 ஒபோல் என்று அறிவித்து, சில ஆண்டுகளில் அதையும் 3 ஒபோலாக உயர்த்த வேண்டியதாயிற்று. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது என்ற நிலையில் இருந்தவர்கள் அந்தச் சபையில் ஏராளமாக இருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? கவலையற்றவர்களின் ஊராக இருந்திருந்தால் இந்தச் செலவே கருவூலத்துக்கு வந்திராது.

அந்த 3 ஒபோல் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை, கி.மு. 422இல் அரங்கேறிய 'குளவிகள்' நாடகத்தில் அரிஸ்டோபனீஸ் காட்டுகிறார். சில்லறையை வாய்க்குள் கன்னத்தோரம் ஒதுக்கிக்கொண்டு நடப்பது அக்காலத்தவர் வழக்கம். நீதிமன்றத்திலிருந்து திரும்பும் கிழவரை மகள் ஓடிவந்து வரவேற்று, காலைக் கழுவி எண்ணெய் தடவி, 'அப்பா' என்று கொஞ்சிக் குனிந்து முத்தமிடும் சாக்கில், அவர் வாயில் இருக்கும் காசை நாக்காலேயே துழாவி எடுத்துக்கொள்கிறாள். மனைவியோ வாற்கோதுமைப் பண்டத்தைக் கொண்டுவந்து அருகில் உட்கார்ந்து, 'இதைச் சாப்பிடுங்கள், அதைச் சாப்பிடுங்கள்' என்று உபசரிக்கிறாள். வீட்டில் தமக்குக் கிடைக்கும் மரியாதைக்குக் காரணம் அந்தக் காசுதான் என்பது கிழவருக்கும் தெரியும். நகைச்சுவை நாடகம்தான், ஆனாலும் பார்வையாளர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்றை வைத்து யாரும் அவர்களைச் சிரிக்க வைக்க முடியாது.

அந்த வாற்கோதுமைப் பண்டத்தின் பெயர் மாஸா. வறுத்து அரைத்த மாவை நீரோ எண்ணெயோ விட்டுப் பிசைந்து உருட்டியது. நம் சத்துமாவு உருண்டையை நினைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறில்லை. ஏதென்ஸைச் சுற்றியுள்ள வறண்ட மண்ணுக்கு வாற்கோதுமையே ஏற்றது என்பதால், கோதுமையில் பெரும்பகுதி கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது. உணவை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: வயிற்றை நிரப்பும் தானியம் ஒன்று, அதற்குத் தொட்டுக்கொள்ளும் 'ஒப்சோன்' மற்றொன்று. ஆலிவ், பாலாடைக்கட்டி, வெங்காயம், வாய்த்தால் மீன் எல்லாம் ஒப்சோனில் அடக்கம். தென்மாவட்டங்களில் வெஞ்சனம் என்கிறோமே, அதே பொருள். ரொட்டியைத் தொடாமல் வெஞ்சனத்தை மட்டும் வழித்துத் தின்ற ஓர் இளைஞனை, விருந்தில் எல்லாருக்கும் முன்பாகச் சாக்ரடீஸ் கேலி செய்த நிகழ்ச்சி ஒன்றையும் ஸெனபோன் எழுதியிருக்கிறார். மேசையில் எது யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு, விருந்தில் தத்துவம் பேசியவர்களின் மனத்திலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இனி, வேலை எல்லாவற்றையும் அடிமைகளிடம் ஒப்படைத்தார்கள் என்ற கூற்றைப் பார்க்கலாம். அக்ரோபோலிஸ் குன்றின் மேல் நிற்கும் எரெக்தியம் கோயிலுக்கு கி.மு. 409 முதல் நடந்த வேலையின் கூலிக்கணக்கைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதன் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. குடிமக்கள், ஓட்டுரிமையின்றி அங்கே குடியேறி வாழ்ந்த அயலூரார், அடிமைகள் ஆகிய மூவகையினரும் அதில் பெயர் பெயராக வருகிறார்கள். சிமியாஸ் என்ற அயலூர்க் கல்தச்சர் தம் அடிமைகள் சிலரோடு சேர்ந்து ஒரே தூணில் வரிப்பள்ளம் செதுக்கியிருக்கிறார். நாள்கூலி மூவருக்கும் ஒன்றே. தலைமைக் கட்டடக் கலைஞருக்கும் நாளொன்றுக்கு அதே 1 திராக்மாதான். அடிமையின் பங்கு அடிமையின் கைக்குப் போயிருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பளிங்கைச் செதுக்கியவர்கள் மாலையில் திரும்பிப் போன வீடுகள் பச்சை மண்கல்லால் ஆனவை. அவற்றின் சுவர் எவ்வளவு மென்மையானது என்றால், வீடு புகும் திருடனுக்கு அவர்கள் மொழியில் 'சுவர் துளைப்பவன்' என்றே பெயர். கன்னம் வைத்தல் நமக்கு மட்டும் உரிய கலையன்று.

பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்பதும் இதே வகைக் கதை. வசதியுள்ள குடும்பங்களின் இலட்சியம் அது. ஏழை வீட்டுப் பெண்கள் வெளியே போவதை எப்படித் தடுக்க முடியும் என்று அரிஸ்டாட்டிலே கேட்கிறார். டெமாஸ்தனீஸ் என்ற பேச்சாளர் எழுதிக்கொடுத்த ஒரு வழக்குரையில், குடியுரிமையே பறிபோகும் நிலையில் நிற்கும் ஒருவர், தம் தாய் சந்தையில் நாடா விற்றதையும், பிறர் குழந்தைக்குப் பாலூட்டும் தாதியாக வேலை பார்த்ததையும் ஒப்புக்கொண்டு, வறுமை வந்தால் குடிமக்கள் வீட்டுப் பெண்களும் இதைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்று வாதாடுகிறார். எதிரிகள் அவருக்கு எதிராக அதைச் சுட்டிக்காட்டினார்கள் என்பதிலிருந்து இழிவு என்ற எண்ணம் இருந்தது புரிகிறது. அப்படியும் அந்த அம்மாள் நாடா விற்கத்தான் போயிருக்கிறார்.

இதையெல்லாம் சொல்வது அடிமை முறையைச் சிறிதாக்கிக் காட்டுவதற்கு அன்று. அது அந்த நகரத்தின் ஒவ்வொரு மூலையிலும் இருந்தது. கி.மு. 375 வாக்கில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, சந்தையில் வெள்ளிக்காசு நல்லதா கள்ளதா என்று சோதித்துச் சொல்லும் அதிகாரம் ஓர் அரசு அடிமைக்கு இருந்தது. அவர் நல்லதென்று சொன்ன காசை எந்த வியாபாரியும் மறுக்க முடியாது. அதே சட்டம், அவர் தம் வேலையில் தவறினால் 50 கசையடி என்றும் விதித்தது. அந்த வெள்ளி வந்த லாரியன் சுரங்கங்களுக்கு நிக்கியாஸ் என்ற படைத்தலைவர் 1,000 அடிமைகளை, ஆளுக்கு நாளொன்றுக்கு 1 ஒபோல் வீதம் வாடகைக்கு விட்டிருந்தார். கி.மு. 413இல், ஏதென்ஸோடு போரிட்டுவந்த இன்னொரு கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின் படை அருகிலுள்ள டெக்கலேயாவில் வந்து அமர்ந்தபின் 20,000க்கு மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடினார்கள், அவர்களில் பெரும்பாலோர் கைத்தொழில் தெரிந்தவர்கள் என்று துசிடிடீஸ் கணக்குச் சொல்கிறார்.

தங்கள் வாதத்துக்கு உண்மையான சோதனை அந்த ஸ்பார்ட்டாதான். அங்கே குடிமகன் கைத்தொழில் செய்வது சட்டப்படியே தடை. நிலத்தை உழுது தானியம் அளந்தவர்கள் ஹெலட் எனப்பட்ட அடிமைக் குடியானவர்கள். ஓய்விலிருந்துதான் சிந்தனை பிறக்கும் என்றால், கிரேக்க நாட்டிலேயே பெரிய தத்துவக் கூடமாக ஸ்பார்ட்டா விளங்கியிருக்க வேண்டும். அந்தக் குடிமக்களோ கிடைத்த நேரத்தைப் படைப்பயிற்சியிலும், பொதுப்பந்தியில் உட்கார்ந்து கறுப்புக் கஞ்சி குடிப்பதிலும், ஹெலட்கள் கிளர்ந்தெழாமல் காவல் காப்பதிலும் கழித்தார்கள். அவர்களில் ஒருவர் எழுதிய தத்துவ நூல் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை.

உழைத்தவர்கள் பேசிய பேச்சு அநேகமாக மறைந்துவிட்டது என்பதால், எஞ்சிய ஒன்றை இங்கே குறிப்பிடுகிறேன். ஏதென்ஸின் சந்தைவெளியான அகோராவில் நடந்த அகழாய்வில், எழுத்துகள் கீறிய ஒரு சிறு ஈயத்தகடு கிடைத்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, வார்ப்படப் பட்டறை ஒன்றில் வேலைக்கு விடப்பட்டிருந்த லெஸிஸ் என்ற பையன் ஸெனோக்லீஸ் என்பவருக்கும் தன் தாய்க்கும் அனுப்பிய கடிதம். தான் அந்தப் பட்டறையில் அழிந்துகொண்டிருப்பதைப் பாராமுகமாக விட்டுவிடாமல், எசமானர்களிடம் வந்து பேசித் தனக்கு வேறொரு நல்ல இடம் பார்க்கும்படி கெஞ்சுகிறான். மிகக் கொடியவன் ஒருவன் கையில் ஒப்படைத்துவிட்டார்கள், சவுக்கடியில் சாகிறேன், கட்டிப்போட்டிருக்கிறார்கள், குப்பையைப் போல நடத்துகிறார்கள் என்று எழுதிவிட்டு, 'இன்னும், இன்னும்' என்று முடித்திருக்கிறான்.