குளிரை விட்டுக் கிளம்பும் முன் நண்பர்களோடு ஒரு மாலை: கேள்வி பதில்

பனிக்காலம் முழுவதையும் வெளிநாட்டில் கழிக்கப் போகிறவர்கள், கிளம்பும் முன் நண்பர்களைக் கூட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பல வருடங்களாக இப்படிப் போய்வருகிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, 20ஆம் தேதி விமானம். 19ஆம் தேதி ராத்திரிதான் எல்லோருக்கும் ஒத்துவருகிறது. கூப்பிடலாமா?

வேண்டாம். 12, 13ஆம் தேதி வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூ தொற்றினால் 1 முதல் 4 நாளுக்குள் தெரியவரும். கடைசி ராத்திரி ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டால் போய் இறங்கிய ஊரில் காய்ச்சலோடு படுக்க வேண்டியதுதான். மூக்கடைப்போடு பறப்பதும் கொடுமை. நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் குழாய் வீங்கிவிட்டால், விமானம் இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமனாகாமல் உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முதல் நாள் ராத்திரி உங்கள் மனசு பெட்டியில்தான் இருக்கும். பேசிக்கொண்டே எழுந்து போய் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவீர்கள். வந்தவர்களும் அதைக் கவனித்து, தொந்தரவு வேண்டாம் என்று சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். மாதக்கணக்கில் பார்க்க முடியாதவர்களுக்கு ஒரு முழு மாலையைக் கொடுங்கள்.

கேள்வி: இருமலோடு வருகிறவரை வராதே என்று எப்படிச் சொல்வது?

அழைக்கும்போதே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்: "உடம்பு சரியில்லை என்றால் சொல்லுங்கள், கிளம்பும் முன் வீடியோவில் பேசிக்கொள்வோம்." யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குளிர் என்று எல்லா ஜன்னலையும் மூடி வைக்காதீர்கள். அவ்வப்போது சில நிமிடம் திறந்துவிடுங்கள்.

கேள்வி: தடுப்பூசிகளை எப்போது போட்டுக்கொள்வது?

பயணத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஃப்ளூ ஊசி முழுப் பலன் தர சுமார் 2 வாரம் ஆகும். போகும் நாடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டால், அது ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது வாழ்நாள் முழுவதற்கும் பொருந்தும். ஊசி போட்ட பிறகு சிலருக்கு உடம்பு அசதியாக இருக்கும் என்பதால் நண்பர்கள் வரும் நாளை அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டுச் சாவியை ஒரு நண்பரிடம் கொடுக்கப் போகிறேன். வேறென்ன சொல்லி வைக்கணும்?

நல்ல கேள்வி. சாவியைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. கூட்டம் சேரும் முன் அவரை அரை மணி நேரம் முன்னதாக வரச்சொல்லுங்கள். தண்ணீர் வரும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டி, அவர் கையாலேயே ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு இறுகிக் கிடக்கும். அவசரத்தில் அது திரும்பவில்லை என்றால் வீடு குளமாகிவிடும். அன்றைக்கே தெரிந்தால் ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்ய ஒரு வாரம் கையில் இருக்கும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். உறைந்த இடத்துக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறித்தான் பெரும்பாலும் பைப் வெடிக்கிறது. அதனால் கிளம்பும் நாளில் மெயின் வால்வை மூடிவிட்டு, எல்லாக் குழாயையும் திறந்து வடியவிடுங்கள். டாய்லெட் தொட்டியையும் காலி செய்யுங்கள். ஹீட்டிங்கை அணைக்காமல் 13 டிகிரி அளவிலாவது வையுங்கள். உங்கள் ஹீட்டிங் வெந்நீரில் ஓடுகிறது என்றால், தண்ணீரை மூடும் முன் அதைப் பராமரிக்கிறவரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். ஆளில்லாத வீட்டை இத்தனை நாளுக்கு ஒருமுறை யாராவது பார்க்கணும் என்று நிபந்தனை இருக்கலாம். இருந்தால் அந்தக் கணக்கை நண்பரிடம் சொல்லிவிடுங்கள். பனி பெய்த பிறகு வாசலில் காலடித் தடமே இல்லாத வீடு ஆளில்லை என்று காட்டிக்கொடுக்கும். வந்து போகும்போது வழியில் கிடக்கும் பனியைக் கொஞ்சம் தள்ளிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் வெயிலுக்குப் போகிறேன், அவர்கள் இருட்டில் கிடக்கப் போகிறார்கள். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

அந்த உணர்ச்சி வருவதே உங்களுக்கு அவர்கள்மேல் அக்கறை இருப்பதால்தான். அன்றைக்கு உங்கள் பயணத்தைப் பற்றிக் குறைவாகப் பேசுங்கள். அவர்கள் இந்தக் குளிர்காலத்தை எப்படிக் கழிக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். பகல் குறுகக் குறுக மனம் சோர்ந்துபோகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசெந்தாலும் சக ஆய்வாளர்களும் இதைப் பருவகால மனச்சோர்வு என்று விவரித்தார்கள். உங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் யாரென்று உங்களுக்கே தெரியும். கிளம்புகிறவர் நீங்கள், அதனால் கூப்பிடும் பொறுப்பும் உங்களுடையது. வாரத்தில் எந்த நாள், அவர்கள் நேரப்படி எத்தனை மணி என்று அங்கேயே பேசி முடியுங்கள். "அப்புறம் பேசலாம்" என்று விட்டால் அது நடக்காது.

கேள்வி: அம்மாடி, நடக்க முடியாத என் சிநேகிதியால் வர முடியாதாம். கூட்டத்தை அவள் வீட்டில் வைக்கலாமா?

அவரே ஆசைப்பட்டால் வையுங்கள் அம்மா. இல்லை என்றால் நீங்கள் மட்டும் வேறொரு நாள் பகலில் போய் உட்காருங்கள். வயதானவர்களுக்குக் கூட்டத்தில் பேச்சு சரியாகக் காதில் விழாது, களைத்தும் போவார்கள். அந்தத் தனிச் சந்திப்பை முதலில் முடித்துவிடுங்கள், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

கேள்வி: பரிசு கொடுத்தால்?

பெட்டியில் இடமில்லை என்று முன்பே சொல்லுங்கள். பவர்பேங்க் கொடுத்தால் அது கைப்பையில்தான் போகணும், பொதுவாக அதன் மின்கொள்ளளவு 100 வாட்-மணி (Wh) வரை இருந்தால் தனி அனுமதி தேவையில்லை.

கேள்வி: கனத்த கோட்டை என்ன செய்வது?

விமான நிலையத்துக்குக் கூட வருகிற நண்பரிடமே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். திரும்பும் நாளில் அழைக்க வருபவரும் அவராகவே இருக்கட்டும். குளிர் முடியும் முன் திரும்புகிறீர்கள் என்றால், அதை எடுத்து வர மறக்க வேண்டாம் என்று ஏறும் முன் ஒரு மெசேஜ் போடுங்கள்.