வகுப்பறைக்கான இணையக் கருவிகள்: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, மின்சுற்றுப் பாடத்துக்கு எங்கள் ஆய்வகத்தில் போதிய மின்கலங்கள் இல்லை. பெட் (PhET) தளத்தில் சோதனையைத் திரையிலேயே செய்துபார்க்க உதவும் உருவகப்படுத்தலை மட்டும் காட்டிப் பாடத்தை முடித்துவிடலாமா? (அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: அதை மட்டும் காட்டி முடிக்க வேண்டாம். ஒரே ஒரு மின்கலமும் டார்ச் பல்பும் இரண்டு துண்டுக் கம்பியும் கிடைத்தால்கூட முதலில் அவற்றை மாணவர் கையில் கொடுத்து எரியவைக்கச் சொல்லுங்கள். திரையை அதன் பிறகு திறக்கலாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய இந்தத் தளத்தின் பலம், கம்பிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதைக் காட்டுவதில்தான் இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் குழப்பம் வரும். திரையில் நீல உருண்டைகளாக எலக்ட்ரான்கள் எதிர்முனையிலிருந்து நகரும். பாடநூலிலோ மின்னோட்டத்தின் அம்புக்குறி நேர்முனையிலிருந்து கிளம்பும். யாராவது ஒரு மாணவர் இதைக் கட்டாயம் கேட்பார். அதே திரையில் மின்னோட்டத்தை மரபுத் திசையில் காட்டும் தெரிவும் உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி, எது எதைக் குறிக்கிறது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். பல்பு இல்லாமல் மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால் மின்கலம் தீப்பற்றுவது போலக் காட்டும். வீட்டில் செய்து பார்க்கக்கூடாத இந்தச் சோதனையைத் திரையில் தாராளமாகச் செய்யலாம்.

உருவகப்படுத்தலை முந்தைய நாளே பதிவிறக்கி வையுங்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் இணையத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி மலைப்பகுதியில் உள்ளது. இணையம் எப்போதாவதுதான் கிடைக்கும். எதைப் பயன்படுத்துவது?

பதில்: பெட் உருவகப்படுத்தல் ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக இறங்கும், உலாவியில் இணையமின்றி இயங்கும். அரசின் பாட வளங்கள் உள்ள திக்‌ஷா செயலியில் பாடநூலின் க்யூஆர் குறியீட்டை வருடிக் கிடைக்கும் காணொளிகளையும் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளலாம். கிவிக்ஸ் என்ற மென்பொருள் இருந்தால் தமிழ் விக்கிப்பீடியாவையே ஒரு கோப்பாக இறக்கிப் பள்ளிக் கணினியில் வைத்துவிடலாம். நகரத்துக்குச் செல்லும் நாளில் இவற்றை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் சில நேரம் 179 வருகிறது. மென்பொருளில் பிழையா?

பதில்: பிழையில்லை, அது முழுமையாக்கலின் விளைவு. கோணங்கள் 60.4, 60.4, 59.2 என்று இருந்தால் கூடுதல் 180. தசம இடங்கள் இல்லாமல் காட்டச் சொன்னால் அவை 60, 60, 59 ஆகிவிடும்; கூட்டினால் 179. அமைப்பில் தசம இடங்களை உயர்த்தினால் சரியாகும். நானாக இருந்தால் உடனே உயர்த்த மாட்டேன், "மீதி ஒரு பாகை எங்கே போயிற்று?" என்று வகுப்பைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பேன்.

கேள்வி: இணையமில்லாமல் திக்‌ஷா காணொளியைப் பார்ப்பது எப்படி?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மாணவரிடம் கைப்பேசி இல்லாமல் வினாடி வினா நடத்த முடியுமா?

பதில்: முடியும். பிளிக்கர்ஸ் என்ற கருவியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு காகித அட்டை தரப்படும். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள். தம் விடைக்குரிய பக்கம் மேலே வருமாறு மாணவர் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தம் கைப்பேசியின் கேமராவை வகுப்பின் மீது ஒருமுறை ஓட்டினால் எல்லோருடைய விடைகளும் பதிவாகிவிடும். அட்டைக்குப் பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள். வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காது. அட்டையில் அச்சிட்டிருக்கும் கறுப்பு வடிவத்தை விரல் மறைத்தாலும் படிக்காது.

கேள்வி: நான் தலைமையாசிரியர். ஸ்லேட்டில் விடையை எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னால் இதே வேலை நடக்குமே? இதற்கு எதற்குச் செயலி?

பதில்: செய்முறையைப் பார்க்க வேண்டிய கணக்குகளில் ஸ்லேட்டே மேல். நான்கு தெரிவுகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டும் தொடலாம். ஆனால் ஸ்லேட்டைத் தூக்கும்போது பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அழித்து எழுதுபவர்கள் உண்டு. அட்டையில் விடையெழுத்து மிகச் சிறியதாக அச்சிடப்பட்டிருப்பதால் அருகில் இருப்பவருக்கு எளிதில் தெரியாது.

கேள்வி: (அதே தலைமையாசிரியர்) பதிவான விடைகளை எந்த ஆசிரியர் திரும்பப் பார்க்கிறார்? ஆய்வு அதிகாரி வரும்போது காட்டத்தானே?

பதில்: இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கருவி வீண். பார்க்க வேண்டியது தவறான விடைகளைத்தான். 0.5-ஐ 0.5-ஆல் பெருக்கச் சொல்லி 0.25, 2.5, 25, 0.025 என்று தெரிவுகள் கொடுத்தால், 2.5-ஐத் தேர்ந்தவர் ஒரே எண்ணின் தசம இடத்தை மட்டும் எண்ணியிருக்கக்கூடும். 25-ஐத் தேர்ந்தவர் புள்ளியையே விட்டிருக்கக்கூடும். இருவருக்கும் மறுநாள் நடத்த வேண்டியது வெவ்வேறு. தெரிவுகளை இப்படி யோசித்து அமைக்காத ஆசிரியருக்கு ஸ்லேட்டும் உதவாது, செயலியும் உதவாது.

கேள்வி: அப்படியானால் ஸ்லேட்டிலும் இதைக் கண்டுபிடிக்கலாமே? (தொடக்கப்பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: பத்துப் பிள்ளைகள் இருந்தால் கண்டுபிடிக்கலாம். நாற்பது ஸ்லேட்டுகளைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரிசை கையை இறக்கிவிடும். இத்துடன் ஸ்லேட் விவாதத்தை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பழைய வினாத்தாள்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது.

பதில்: அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவையாக இருக்கும். "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரிந்தால் பாமினிதான். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக மாற்றி, ஒருமுறை மெய்ப்புப் பார்த்து வையுங்கள். இனிமேல் யூனிகோடில் மட்டுமே தட்டச்சு செய்யுங்கள். தமிழ்நாடு அரசு 2010-இலேயே இதற்கு ஆணை பிறப்பித்துவிட்டது.

கேள்வி: வருகைப் பதிவுச் செயலி திறக்கவில்லை.

பதில்: உங்கள் வட்டார வள மையத்தைக் கேளுங்கள். அது என் துறையன்று.

கேள்வி: இலங்கைப் பாடத்திட்டத்துக்குத் தமிழில் வளங்கள் உண்டா? (ஆசிரியை, வவுனியா)

பதில்: உங்கள் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ் மொழிமூலப் பாடங்கள் இருக்கின்றன. மேலதிக வாசிப்புக்கு நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் கிடைக்கும். அலகுவாரியாக எது பொருந்தும் என்பதை உங்கள் பாட ஆசிரிய ஆலோசகரே சரியாகச் சொல்வார்.

கேள்வி: கூகுள் படிவத்தில் மாணவரின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் கைப்பேசி எண் ஆகியவற்றை வாங்கித் தேர்வு வைக்கலாமா?

பதில்: தேர்வுக்கு வரிசை எண் போதும், பிறந்த தேதி எதற்கு? 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொதுவிதியாக வைக்கிறது. விடைத்தாளின் பொதுப் பகிர்வு இணைப்பை வாட்ஸாப் குழுவில் போடுபவர்கள், அதைத் திறந்தால் எல்லா மாணவரின் மதிப்பெண்ணும் தெரிகிறதா என்பதை வேறொரு கைப்பேசியில் பார்த்துவிட்டுப் போடவும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் வினாத்தாள் கேட்கலாமா?

பதில்: கேளுங்கள், ஆனால் விடைக்குறிப்பை நீங்களே எழுதுங்கள். அதன் பிழை எங்கே இருக்கிறது என்பது எழுதும்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: இணையமில்லாமல் காணொளி…

பதில்: இரண்டாவது கேள்விக்கான பதிலைப் படியுங்கள். படித்துவிட்டு, இன்று மாலையே பதிவிறக்குங்கள்.