வறண்ட நிலத்துக்கு அடியில் ஈரமான குகைகள்

கேள்வி: சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைப்பதால்தான் குகைகள் உண்டாகின்றன என்று படித்திருக்கிறேன். மழையே அரிதான பாலைவனங்களில் பெரும் குகைகள் எப்படி வந்தன?

பதில்: நீங்கள் படித்தது சரி. ஆனால் பாறையைக் கரைத்த நீர் இன்றைய மழைநீராக இருக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் நல்லார்பர் சமவெளி ஏறத்தாழ 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த சுண்ணாம்புப் பாறை நிலம். மரமில்லாதது என்பதே அந்தப் பெயரின் பொருள். அங்குள்ள குகைகளில் சொட்டுநீரின் கனிமம் படிந்து கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளும் தரையிலிருந்து எழும் கல்முளைகளும் பெரும்பாலும் 30 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றுள் சிக்கிய மகரந்தத் துகள்கள், யூகலிப்டஸும் பேங்ஸியாவும் செழித்திருந்த ஈரமான ஒரு காலத்தை இன்றும் காட்டுகின்றன.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சிவாவா பாலைவனத்திலுள்ள கார்ல்ஸ்பாட், லெச்சுகியா குகைகளின் கதை வேறு. சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் உருவான சுண்ணாம்புப் பாறைத் திட்டு ஒன்றில், எண்ணெய்ப் படுகைகளிலிருந்து கிளம்பிய ஹைட்ரஜன் சல்பைடு மேலேறி வந்து, ஆக்சிஜன் கலந்த நிலத்தடி நீரைச் சந்தித்துக் கந்தக அமிலமாக மாற, அந்த அமிலமே பாறையைத் தின்று மாபெரும் கூடங்களைக் குடைந்தது. அந்த வினையில் பிறந்த ஜிப்சம் என்ற கனிமம் எளிதில் நீரில் கரையக்கூடியது. அப்படியிருந்தும் லெச்சுகியாவின் கூரையிலிருந்து 6 மீட்டர் வரை நீளமான ஜிப்சம் கொத்துகள் வெண்மையாகத் தொங்குகின்றன; ஓடும் நீர் அங்கே வந்திருந்தால் அவை எஞ்சியிருக்கமாட்டா.

கேள்வி: பார்வையாளர்கள் உள்ளே நடந்துபோவதால் கல்லுக்கு என்ன கேடு வந்துவிடும்?

பதில்: கல்லை உடைப்பவர்களை மட்டுமே நினைத்து இதைக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தொட்ட விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் கல்விழுதை வளர்க்கும் கனிமமான கால்சைட் புதிதாக ஒழுங்காகப் படிவதில்லை. ஆடையிலிருந்து உதிரும் நூல்துகள் தூசியாகச் சேர்கிறது. விளக்கொளி படும் இடத்தில் பாசி பிடிக்கிறது. என்றாலும், பாலைவனக் குகைக்கு வெளிக்காற்றைவிடப் பெரிய எதிரி இல்லை என்பேன். அரிசோனாவின் கார்ட்ச்னர் குகைக்குள் ஈரப்பதம் ஏறக்குறைய 99 விழுக்காடு. வெளியே வறண்ட பாலை. கதவு திறந்தே கிடந்தால் சொட்டும் கல்விழுது உலர்ந்து வளர்ச்சி நின்றுவிடும். 1974இல் இக்குகையைக் கண்டறிந்த கேரி டெனென், ராண்டி டஃப்ட்ஸ் இருவரும், 1988இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்படும்வரை அதை இரகசியமாகவே காத்தார்கள். 1999இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது, ஒன்றை மூடிய பிறகே மற்றொன்றைத் திறக்கும் கதவுகளும், ஆடைத் தூசியை அடக்க நீர்த்திவலைகளும் அமைக்கப்பட்டிருந்தன. அந்த இருவரின் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

கேள்வி: குகை வாயிலில் வேலியிட்டுக் காவல் வைத்தால் போதாதா?

பதில்: போதாது, நீர் பாறையைக் கரைத்துக் குகைகளும் இடுக்குகளும் உண்டாக்கிய இத்தகைய கார்ஸ்ட் நிலத்தில் வேலிக்கு அப்பால் நடப்பதும் பாறை இடுக்குகளின் வழியே உள்ளே வந்து சேரும். நெவாடாவிலுள்ள டெவில்ஸ் ஹோல் என்ற நீர் நிறைந்த குகை 1952 முதல் தேசிய நினைவுச்சின்னப் பகுதியாகப் பாதுகாக்கப்பட்டிருந்தது. ஆனால் சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில் பாசனத்துக்காக நிலத்தடி நீரை இறைக்கத் தொடங்கியதும் குகையின் நீர்மட்டம் இறங்கி, உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷ் என்ற சிறுமீன் முட்டையிடும் ஆழமற்ற பாறைத்திட்டு வெளியே தெரிந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அந்த மீனுக்குத் தேவையான நீர்மட்டம் குறையாதபடி இறைப்பைக் கட்டுப்படுத்திய ஆணையை நீதிமன்றம் 1976இல் உறுதிசெய்தது.