டீ, பப்ஸ், நைட் ஷிப்ட், அப்பாவின் சர்க்கரை: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

இந்த முறை எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் சர்க்கரை வரவில்லை. வந்துவிடுமோ என்ற பயம்தான். கீழே சொல்வதெல்லாம் இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றி. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் முதல் வகை வேறு கதை. அதற்கு யாருடைய பழக்கத்தையும் குறை சொல்ல முடியாது.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரையை விட்டு ரொம்ப வருசம் ஆச்சுங்க. டீ, காபி, பாயசம் எல்லாம் நாட்டுச் சர்க்கரையில்தான். எங்க வீட்டில் யாருக்கும் சர்க்கரை வராதுதானுங்களே? (வாசகி, கவுந்தப்பாடி)

பழநி பஞ்சாமிர்தத்துக்கே சர்க்கரை அனுப்பும் ஊர்க்காரரிடம் இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. மணமும் ருசியும் வேறு, சரி. ஆனால் நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்பும் தாது உப்புகளும் கூடுதல். நாம் போடும் ஓரிரு ஸ்பூனில் அதனால் பெரிய பலன் கிடையாது. ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 முதல் 50 கிராம் ஆகிவிடும். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘இது நல்ல சர்க்கரை’ என்ற தைரியத்தில் ஒரு ஸ்பூன் கூடப் போடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இரண்டை ஒன்றாக்குங்கள், அப்புறம் அரையாக்குங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

கேள்வி: பனியன் கம்பெனியில் பவர்டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) டெய்லர், வயது 36. தினமும் ஒன்றரை ஷிப்ட். காலையில் டீ, வடை. சாயங்காலம் டீ, பப்ஸ். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் சோறு, உடனே தூக்கம். நாள் முழுக்க உழைக்கிற எனக்குத் தனியாக நடைப்பயிற்சி வேண்டுமா? (வாசகர், திருப்பூர்)

வேண்டும். களைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. மெஷின் முன்னால் உங்கள் கையும் கண்ணும் பாதமும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. தொடையும் இடுப்பும் அசைவதே இல்லை. உடம்பின் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ள வேண்டியவை தசைகள். உட்கார்ந்தே இருந்தால் அவை மந்தமாகி, அதே வேலைக்கு, சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும் இன்சுலினைக் கணையம் கூடுதலாகச் சுரக்க வேண்டி வருகிறது. பல வருடம் இப்படி ஓடினால் ஒரு கட்டத்தில் கணையத்தால் ஈடுகொடுக்க முடியாது. வேலை செய்கிற தசையோ இன்சுலினைப் பெரிதாக எதிர்பார்க்காமலே சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். மதியம் சாப்பிட்டதும் கம்பெனி வளாகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கச் சொல்வது அதனால்தான். போனைப் பார்த்துக்கொண்டே நடந்தாலும் பரவாயில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது மொத்தக் கணக்கு. அதைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம்.

அடுத்தது அந்தப் பப்ஸ். நம் பக்கத்து பேக்கரிகளைக் குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்: மைதாவும் கொழுப்பும் அடுக்கடுக்காக வைத்துச் சுட்டதுதான் பப்ஸ். பக்கத்திலேயே வேகவைத்த நிலக்கடலையோ சுண்டலோ விற்பார்கள், அதை வாங்குங்கள். அந்த நேரத்தில் வயிறு கொஞ்சம் நிறைந்தால் ராத்திரி பத்து மணிக்குக் குண்டான் சோறு தேவைப்படாது. இரவில் அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை கூடுதலாக ஏறும். மதியத்தைப் பெரிய சாப்பாடாகவும் இரவை இரண்டு மூன்று இட்லியாகவும் மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று, இஞ்சு டேப் உங்கள் கையிலேயே இருக்கிறது. பேண்ட் சைஸை நம்பாதீர்கள். அதைத் தொப்பைக்குக் கீழே அல்லவா போடுகிறோம்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை இஞ்சைத் தொட்டால் எச்சரிக்கை. பெண்களுக்கு 80, சுமார் முப்பத்தொன்றரை இஞ்சு.

கேள்வி: எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) கடைசி வரைக்கும் மூணு வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டவர், ஒரு மாத்திரை போட்டதில்லை. நானும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறேன், ஆளும் ஒல்லி. எனக்கு வெறும் வயிற்றில் 112 வந்திருக்கிறது. எப்படிங்க? (வாசகர், காங்கயம்)

தோட்டம் அதேதான், வேலை அதே இல்லை. உங்கள் அப்பாரு காலத்தில் மாடு பூட்டிக் கவலை (கமலை) ஓட்டித் தண்ணீர் இறைத்திருப்பார்கள், களத்துக்கும் சந்தைக்கும் நடந்திருப்பார்கள். இன்றைக்கு மோட்டாரைப் போனிலேயே போடுகிறோம், வரப்பு வரைக்கும் பைக் போகிறது. தட்டும் அதே இல்லை. மானாவாரிப் பக்கமெல்லாம் அன்றாடம் கம்மஞ்சோறும் சோளச்சோறும்தான். நெல்லுச்சோறு நோன்பு நொடி போன்ற விசேஷ நாளில்தான். இப்போது மூன்று வேளையும் அரிசி.

ஒல்லி என்பதை வைத்தும் நிம்மதி அடைய வேண்டாம். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே வருகிற உடல்வாகு நம்மவர்களுக்குச் சகஜம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் இன்சுலினின் வேலையைக் கெடுப்பது.

112 என்பது சர்க்கரை நோய் அல்ல, அதற்கு முந்தைய படி. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இந்தக் கணக்கு. 126ஐத் தொட்டு, மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் நோய். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையும் ஒரு தடவை எடுத்துவிடுங்கள், அதில் 5.7 முதல் 6.4 வரை இதே முந்தைய படி. இந்தப் படியில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002இல் வந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். அந்தக் குழுவில் நோய்க்குப் போனவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிட 58 சதவீதம் குறைவு. சர்க்கரை மாத்திரை கொடுத்த இன்னொரு குழுவில் குறைந்தது 31 சதவீதம்தான். நம் நாட்டு ஆய்வில் (2006) உணவு, நடை மாற்றத்தால் சுமார் 28 சதவீதம் குறைந்தது. நம் உடம்பு கொஞ்சம் பிடிவாதம்தான், ஆனாலும் அசைகிறது.

சோறே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் நாலு நாள்தான் நடக்கும். அரிசிம்பருப்புச் சோறு செய்யும்போது அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள். கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு கடைசல் எல்லாம் நம் சமையலில் இருப்பவைதான், தட்டில் ஓரமாய்த் தொட்டுக்கொள்வதைக் கரண்டி கரண்டியாய்ப் போட்டுக்கொள்ளுங்கள். கீரையும் பொரியலும் முதலில், சோறு பிறகு. ராகி, கம்பு நல்லவைதான். ஆனால் நைசாக அரைத்துக் கூழாய்க் காய்ச்சிக் குடித்தால் வேகமாய்ச் செரித்துச் சர்க்கரையும் வேகமாய் ஏறும். களியும் அளவோடுதான்.

கேள்வி: அம்மா, அப்பா இருவருக்கும் சர்க்கரை. எனக்கு 29, சரவணம்பட்டியில் ஐடி வேலை, இடுப்பு 84 செ.மீ. இது தலையெழுத்தா? (வாசகி, கோவை)

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சென்னையில் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று ஒன்று உண்டு; ரத்தம்கூட எடுக்க வேண்டாம். பெற்றோர் இருவருக்கும் இருப்பதால் 20. வயது 35க்குக் கீழ் என்பதால் 0. இடுப்புக்கு 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. மொத்தம் 60, அதுவே அதிக அபாயத்தின் தொடக்கம். இப்போது தினமும் வேர்க்க வேர்க்க உடற்பயிற்சி செய்து, இடுப்பு 80க்குள் வந்தால்? மிஞ்சுவது 20, அதாவது குறைந்த அபாயம். பெற்றோர் கொடுத்தது 20, நாற்காலியும் இடுப்பும் கொடுத்தது 40. ரத்தப் பரிசோதனையை மட்டும் வருடம் ஒருமுறை விடாதீர்கள்.

கேள்வி: கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை இருந்தது. குழந்தை பிறந்ததும் போய்விட்டது. இனிப் பயமில்லையா? (வாசகி, கோபி)

மற்ற தாய்மார்களைவிட உங்களுக்குப் பிற்காலத்தில் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை செய்ய வேண்டும். விட்டிருந்தால் இப்போதாவது பாருங்கள். அதன்பிறகு நார்மல் என்றாலும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. தாய்ப்பால் கொடுப்பது உங்களுக்கும் பாதுகாப்பு. பிள்ளைபெற்ற உடம்பு என்று மாதக்கணக்கில் நெய்யும் லேகியமும் ஊட்டுகிற மாமியாரிடம் இந்தப் பதிலைக் காட்டலாம்.

கேள்வி: ராத்திரி தறி ஓட்டுகிறேன். தூக்கம் வராமலிருக்க டீ, பீடி. (வாசகர், பள்ளிபாளையம்)

இரவு வேலை, குறைந்த தூக்கம், புகை மூன்றுமே தனித்தனியாக அபாயத்தைக் கூட்டுபவை. புகைப்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் அதிகம். தறியை இன்றைக்கே விட முடியாது, பீடியை விடலாம். பகலில் அறையை இருட்டாக்கி, போனை அணைத்து, ஏழு மணி நேரமாவது ஒரே மூச்சாகத் தூங்குங்கள். நள்ளிரவுக்கு மேல் புரோட்டா வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஆவாரம்பூ டீ குடித்தால் சர்க்கரை வராதாமே? (பலர்)

பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற பூ, ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று பழமொழியும் இருக்கிறது, நம்பிக்கை வருவது இயல்புதான். வராமல் தடுக்கும் என்று சொல்ல உறுதியான சான்று இல்லை. சர்க்கரை போட்ட டீக்குப் பதிலாகக் குடித்தால் அந்தச் சர்க்கரை மிச்சம். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மாம்பழ சீசனில் என்ன செய்வது? (வாசகர், சேலம்)

சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழத்தை விடச் சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? ஒரு வேளைக்கு ஒரு பழத்தில் பாதி. மதியச் சோற்றுக்கு மேல் வேண்டாம், தனியாக. ஜூஸ் போடாதீர்கள், கடித்துச் சாப்பிடுங்கள்.