மற்றவர் ஆய்வுக்குக் கணக்குப் போட்டே காலம் போய்விடுமா?

கேள்வி: தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் நான்கு ஆண்டுகளாகப் புள்ளியியல் விரிவுரையாளராக இருக்கிறேன். பட்டமேற்படிப்பு மாணவர்கள் ஆய்வேடு சமர்ப்பிப்பதற்கு முதல் நாள் ஓடிவந்து, ‘பி மதிப்பு மட்டும் போட்டுக் கொடுங்கள்’ என்கிறார்கள். (தற்செயல் மட்டுமே காரணம் என்றால் இப்படியொரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் எண் அது.) கட்டுரை வெளியாகும்போது என் பெயர் இருப்பதில்லை. உயிர்ப்புள்ளியியலில் (மருத்துவ, உயிரியல் ஆய்வுகளுக்கான புள்ளியியல்) பிஎச்.டி. வரை போவது வீண்தானா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள அம்மா,

வீண் இல்லை. முப்பது ஆண்டுகள் இதே வேலையில் இருந்தவன் சொல்கிறேன். மாணவர்கள் தரவோடு கொண்டுவரும் பென் டிரைவை நானும் திறந்திருக்கிறேன்: ஒரு நோயாளியின் வயது 222, எடை இருக்க வேண்டிய இடத்தில் உயரம், பாதிக் கட்டங்கள் காலி. அதற்குமேல் எந்தக் கணக்கு போட்டும் அந்த ஆய்வைக் காப்பாற்ற முடியாது. ஆய்வு முடிந்தபின் புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போல என்று 1938-இல் கொல்கத்தா மாநாட்டில் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் சொன்னார்.

நம் வேலை முதல் நோயாளி வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தைப் பாருங்கள். யாருக்கு வீட்டில் சிகிச்சை, யாருக்கு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் என்று 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போலப் பிரித்தார்கள். மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் நோய் முற்றியவர்களையே சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? 1959-இல் முடிவு வெளிவந்தது: வீட்டிலிருந்தே ஓராண்டு மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். படுக்கை கிடைக்காத ஏழைகளுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

பிஎச்.டி.க்குப் போங்கள், ஆனால் ஆய்வுகள் உண்மையாகவே நடக்கும் இடத்துக்கு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இதற்குத் தனித்துறையே இருக்கிறது. சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. நான் சொன்ன அந்த மையம்தான் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

பெயர் விஷயத்தில் தயங்காதீர்கள். யாரை ஆசிரியராகச் சேர்ப்பது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு விதி வகுத்திருக்கிறது. தரவை ஆராய்ந்தவர் கட்டுரையை எழுதவோ திருத்தவோ செய்து, இறுதி வடிவத்தை ஒப்புக்கொண்டு, பொறுப்பும் ஏற்றால் அவரும் ஆசிரியர்தான். ஆகவே கணக்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். முடிவுகள் பகுதியை நீங்களே எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் ஆய்வுத் திட்டத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் மாதம் எது என்று விசாரித்து வையுங்கள். அதற்கு முந்தைய மாதமே துறைத்தலைவர்களை நேரில் பார்த்து, எத்தனை நோயாளிகள் தேவை என்று கணக்கிட மாணவர்களை உங்களிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.